திமிங்கல வேட்டையும் அதை எதிர்த்த போராட்டங்களும்: சட்டம், அறம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திமிங்கல வேட்டை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வெவ்வேறு வாய்களிலிருந்து வருகின்றன. அவற்றுக்கு இயன்றவரை நேராகப் பதில் சொல்லும் முயற்சி இது. அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்கடலில் 1987 முதல் 2019 வரை ஜப்பான் நடத்திய வேட்டை இந்தப் பதில்களில் திரும்பத் திரும்ப வரும். சட்டத்தின் வலுவும் எதிர்ப்பின் வலுவும் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் அதுதான்.

திமிங்கலத்தை வேட்டையாடுவது சர்வதேசச் சட்டப்படி குற்றமா?

எந்த நாட்டுக் கொடியேற்றிய கப்பல், எந்தக் கடலில், எந்த இனத்தை, என்ன காரணம் சொல்லிக் கொன்றது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும். இத்துறையின் அடிப்படை ஆவணம், 1946 டிசம்பர் 2 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான திமிங்கல வேட்டை ஒழுங்குமுறை உடன்படிக்கை. பெயரே சொல்வதைப் போல, வேட்டையை ஒழுங்குபடுத்துவதற்காகத்தான் அது எழுதப்பட்டது. திமிங்கல இனங்களைக் காப்பதும் திமிங்கலத் தொழிலைச் சீராக வளர்ப்பதும் அதன் முகவுரையில் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்த உடன்படிக்கையின்கீழ் அமைந்த சர்வதேச திமிங்கல வேட்டை ஆணையம் 1982இல் வாக்கெடுப்பு நடத்தி, 25 நாடுகள் ஆதரிக்க, 7 எதிர்க்க, 5 வாக்களிக்காமல் விலகியிருக்க, 1986 முதல் வணிக வேட்டையை நிறுத்தி வைக்கும் முடிவை எடுத்தது.

அந்த முடிவு எழுதப்பட்டிருக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். வணிக நோக்கில் கொல்லக்கூடிய திமிங்கலங்களின் எண்ணிக்கை எல்லா இனங்களுக்கும் 0 என்று இருக்கும் என்பதே அந்த விதி. 1990க்குள் நிலைமையை ஆராய்ந்து வேறு எண்ணிக்கையை வைப்பது பற்றி யோசிக்கலாம் என்றும் அதிலேயே உள்ளது. ஆகவே நாற்பது ஆண்டுகளாக நீடித்தாலும், சட்டத்தின் கண்ணில் இது இன்னும் ஓர் இடைக்கால ஏற்பாடுதான். நான்கில் மூன்று பங்கு பெரும்பான்மை கிடைத்தால் அந்த 0 வேறொரு எண்ணாக மாறிவிடும்.

அந்த நிலைக்கு வரும்படி அப்படி என்னதான் நடந்தது?

இருபதாம் நூற்றாண்டில் மட்டும் தொழில்முறை வேட்டையில் கொல்லப்பட்ட திமிங்கலங்கள் ஏறக்குறைய 29 லட்சம். வெடிமுனை ஈட்டியைச் செலுத்தும் பீரங்கியும், கொன்ற விலங்கைப் பின்புறச் சரிவின் வழியே உள்ளே இழுத்து நடுக்கடலிலேயே வெட்டி எண்ணெயாக்கும் தாய்க்கப்பலும் வந்த பிறகு, தப்பிக்க எந்தக் கடலும் மிச்சமில்லாமல் போயிற்று. ஆணையமே நெடுங்காலம் "நீலத் திமிங்கல அலகு" என்ற கணக்கை வைத்திருந்தது: ஒரு நீலத் திமிங்கலமும், இரண்டு துடுப்புத் திமிங்கலங்களும், இரண்டரைக் கூனல்முதுகுத் திமிங்கலங்களும் ஒன்றுக்கொன்று சமம். எண்ணெயின் அளவை வைத்து உயிரை எண்ணிய அந்தக் கணக்கில் எந்த இனம் அழிகிறது என்பது தெரியவே தெரியாது. தென்கடலின் நீலத் திமிங்கலங்கள் 1970களின் தொடக்கத்தில், முன்பிருந்ததில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழாகச் சுருங்கியிருந்தன.

இதற்கு மேல் பொய்க் கணக்கும் இருந்தது. சோவியத் ஒன்றியம் ஆணையத்தின் உறுப்பினர். விதிகளை ஏற்பதாகக் கையெழுத்திட்ட நாடு. ஆனால் அதன் கப்பல்கள் தென் அரைக்கோளத்தில் கொன்ற கூனல்முதுகுத் திமிங்கலங்கள் சுமார் 48,000. ஆணையத்துக்குக் காட்டிய கணக்கு 3,000க்கும் குறைவு. பெரும்பாலும் 1966 நவம்பரில், ஓமன், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியக் கரைகளையொட்டிய அரபிக்கடலில் மட்டும் 242 கூனல்முதுகுத் திமிங்கலங்களை அவை கொன்றன. வேறு கடலுக்கு வலசை போகாமல் அங்கேயே வாழும் அந்தக் கூட்டம் இன்றுவரை தேறவில்லை. அந்தக் கப்பல்களில் பணியாற்றிய அறிவியலாளர்கள் உண்மைக் குறிப்புகளை மறைத்து வைத்திருந்து, சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு வெளியிட்டதால்தான் இவையெல்லாம் நமக்குத் தெரியும். கையெழுத்து மட்டும் இருந்து, கப்பலில் நின்று பார்க்கும் சுதந்திரமான கண் இல்லாவிட்டால் உடன்படிக்கை எந்தக் கதிக்கு ஆளாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

அப்படியானால் நார்வேயும் ஐஸ்லாந்தும் எப்படி வேட்டையாடுகின்றன?

உடன்படிக்கை தரும் உரிமையின்படியேதான். ஆணையத்தின் முடிவுக்குக் குறித்த காலத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்கும் உறுப்பு நாட்டை அந்த முடிவு கட்டுப்படுத்தாது. நார்வே 1982 முடிவுக்கு ஆட்சேபம் தெரிவித்தது. 1993இல் மீண்டும் வணிக வேட்டையைத் தொடங்கியது. ஐஸ்லாந்து அப்போது ஆட்சேபிக்கவில்லை. 1992இல் ஆணையத்தைவிட்டு விலகி, 2002இல் அந்த விதியை ஏற்க மாட்டோம் என்ற நிபந்தனையோடு திரும்பி வந்து, 2006இல் வணிக வேட்டையைத் தொடங்கியது. இது ஒரு சாமர்த்தியம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பல உறுப்பு நாடுகள் அதை எதிர்த்தன. ஆனாலும் ஆணையம் ஏற்றுக்கொண்டுவிட்டது. எனவே இவ்விரு நாடுகளின் வேட்டையைச் "சட்டவிரோதம்" என்று சொல்பவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே பலவீனப்படுத்துகிறார்கள். அதை எதிர்க்க வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

ஜப்பான் சொன்ன "அறிவியல் ஆய்வு" என்பது என்ன?

உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு, அறிவியல் ஆய்வுக்காகத் திமிங்கலங்களைக் கொல்லத் தன் குடிமக்களுக்குச் சிறப்பு அனுமதி வழங்கும் அதிகாரத்தை ஒவ்வொரு நாட்டுக்கும் தருகிறது. அவ்வாறு கொன்றவற்றை வீணாக்காமல் பதப்படுத்த வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே இறைச்சி சந்தைக்கு வந்தது மட்டுமே விதிமீறல் ஆகாது. ஜப்பானும் முதலில் 1982 முடிவை ஆட்சேபித்த நாடுதான். அமெரிக்கா தன் கடற்பகுதியில் மீன்பிடிக்கும் உரிமையை மறுக்கக்கூடும் என்ற நெருக்கடியில் அந்த ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றது. 1987இல் 8ஆம் பிரிவின்கீழ் தென்கடலுக்குக் கப்பல்களை அனுப்பத் தொடங்கியது.

2005இல் தொடங்கிய இரண்டாம் திட்டமான ஜார்ப்பா 2, ஆண்டுக்குச் சுமார் 850 மிங்கே, 50 துடுப்பு, 50 கூனல்முதுகுத் திமிங்கலங்களைக் கொல்ல இலக்கு வைத்தது. காதுக்குழியில் அடுக்கடுக்காகப் படியும் மெழுகை மரத்தின் வளையங்களைப் போல எண்ணினால் திமிங்கலத்தின் வயது தெரியும், இரைப்பையைத் திறந்தால் உணவு தெரியும், இதற்கெல்லாம் கொன்றே ஆக வேண்டும் என்பது அதன் வாதம். தாய்க்கப்பலான நிஷின் மருவின் பக்கவாட்டில் "ஆய்வு" என்ற ஆங்கிலச் சொல் ஆள் உயரத்தைவிடப் பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது. 2008இல் ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பல் ஒன்று எடுத்த படங்களில், ஒரு பெரிய மிங்கேயும் அதனருகே ஒரு சிறிய மிங்கேயும் வாலில் கட்டப்பட்டு, குருதி வழிய, தாய்க்கப்பலின் பின்புறச் சரிவில் மேலே இழுக்கப்படுவதைக் காணலாம். அவை தாயும் குட்டியும் அல்ல என்று வேட்டையை நடத்திய நிறுவனம் மறுத்தது. படத்தைப் பார்த்த ஆஸ்திரேலிய மக்களின் மனத்தில் அந்த மறுப்பு நிற்கவில்லை.

சர்வதேச நீதிமன்றம் என்ன தீர்ப்பளித்தது?

2010 மே 31 அன்று ஆஸ்திரேலியா தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் ஜப்பான்மீது வழக்குத் தொடுத்தது. நியூசிலாந்து இடையீட்டாளராகச் சேர்ந்துகொண்டது. 2014 மார்ச் 31 அன்று 12க்கு 4 என்ற வாக்கில் தீர்ப்பு வந்தது. இந்திய நீதிபதி தல்வீர் பண்டாரியும் பெரும்பான்மையில் ஒருவர்.

திமிங்கலத்தைக் கொல்வது சரியா தவறா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. எது நல்ல அறிவியல் என்று விளக்கவும் முற்படவில்லை. அது எடுத்துக்கொண்ட கேள்வி மிகக் குறுகியது: சொல்லப்பட்ட ஆய்வு நோக்கங்களுக்கு, இந்தத் திட்டத்தின் வடிவமைப்பும் நடைமுறையும் நியாயமாகப் பொருந்துகின்றனவா? கொல்லாமல் ஆராயும் வழிகளை ஜப்பான் உண்மையாகப் பரிசீலித்ததற்கு ஆதாரம் இல்லை. 850 என்ற எண் எப்படி வந்தது என்பதற்குத் தெளிவான விளக்கம் இல்லை. சுமார் 3,600 மிங்கேகளைக் கொன்ற திட்டத்தின் பயனாக, துறை வல்லுநர்களின் பரிசீலனைக்குப் பின் வெளியான கட்டுரைகளாக ஜப்பானால் காட்ட முடிந்தவை இரண்டே இரண்டு. எனவே வழங்கப்பட்ட அனுமதிகள் "அறிவியல் ஆய்வுக்கானவை" ஆகா என்றும், ஜப்பான் வணிக வேட்டைத் தடையையும், தாய்க்கப்பல் வழி வேட்டைக்கான தடையையும், 1994இல் அமைந்த தென்கடல் சரணாலய விதியையும் மீறியது என்றும் நீதிமன்றம் கூறி, அனுமதிகளை ரத்து செய்ய ஆணையிட்டது.

என் பார்வையில் இத்தீர்ப்பின் மிகக் கூர்மையான பகுதி வேறொன்று. எதிர்ப்புக் கப்பல்களின் இடையூறு உள்ளிட்ட காரணங்களால் ஜப்பான் பிடித்த எண்ணிக்கை இலக்கைவிட வெகுவாகக் குறைந்தது. 2010-11 பருவத்தில் 170, 2012-13 பருவத்தில் 103. முதல் ஏழு பருவங்களில் துடுப்புத் திமிங்கலம் மொத்தம் 18. கூனல்முதுகு ஒன்றுகூட இல்லை. இவ்வளவு குறைந்தும் ஆய்வுத் திட்டத்தில் ஜப்பான் எதையும் மாற்றவில்லை. குறைந்த எண்ணிக்கையை வைத்தே பயனுள்ள தகவல் கிடைக்கும் என்று வாதிட்டது. அப்படியானால் 850 எதற்கு என்ற கேள்வியை நீதிமன்றம் பிடித்துக்கொண்டது. கடலில் நடந்த போராட்டம், யாரும் திட்டமிடாத ஒரு வழியில், நீதிமன்றத்தில் சான்றாகிவிட்டது.

ஜப்பான் தீர்ப்புக்குப் பணிந்ததா?

ஒரு பருவத்துக்குப் பணிந்தது. 2014-15இல் தென்கடலில் எந்தத் திமிங்கலத்தையும் கொல்லவில்லை. 2015 அக்டோபரில், கடல்வாழ் வளங்கள் தொடர்பான வழக்குகளில் சர்வதேச நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்பதில்லை என்று அறிவித்துவிட்டு, ஆண்டுக்கு 333 மிங்கேகள் என்ற புதிய ஆய்வுத் திட்டத்தோடு அதே கடலுக்குத் திரும்பியது. தோற்ற வழக்கை மீண்டும் தொடுக்க முடியாதபடி கதவைச் சாத்திக்கொண்ட இந்தச் செயல், சட்டத்தை மதிப்பதில் பெயர்பெற்ற ஒரு நாட்டுக்கு அழகு சேர்க்கவில்லை.

இப்போது ஜப்பான் நடத்தும் வேட்டையின் நிலை என்ன?

2018 டிசம்பரில் விலகலை அறிவித்து, 2019 ஜூன் 30 அன்று ஆணையத்திலிருந்து ஜப்பான் வெளியேறியது. மறுநாளே, கரையிலிருந்து 200 கடல் மைல் வரையிலான தன் பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்துக்குள் வெளிப்படையான வணிக வேட்டையைத் தொடங்கியது. தென்கடலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டது. 2024இல் புதிய தாய்க்கப்பலை இறக்கியது. துடுப்புத் திமிங்கலத்தையும் பட்டியலில் சேர்த்தது.

உறுப்பினர் அல்லாத நாட்டை ஆணையத்தின் 0 கட்டுப்படுத்தாது. ஆனால் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 65ஆம் பிரிவு, திமிங்கலங்களைப் பொறுத்தவரை உரிய சர்வதேச அமைப்புகளின் வழியாகச் செயல்படும் கடமையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் விதிக்கிறது. பார்வையாளராக ஆணையத்தின் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பதே அந்தக் கடமையை நிறைவேற்றிவிடும் என்கிறது ஜப்பான். முடிவை ஏற்காமல் நாற்காலியில் மட்டும் அமர்வது ஒத்துழைப்பு ஆகாது என்று எதிர்த்தரப்பு வாதிடுகிறது. எந்த நீதிமன்றமும் இதைத் தீர்த்து வைக்கவில்லை. எனக்கு இரண்டாவது வாதமே வலுவாகப் படுகிறது.

பழங்குடிகளின் வேட்டையையும் எதிர்க்க வேண்டுமா?

அலாஸ்காவின் இனுபியாட் மக்கள், கிரீன்லாந்து மக்கள், ரஷ்யாவின் சுகோட்கா மக்கள், கரீபியத் தீவான பெக்குவேயின் மக்கள் ஆகியோருக்கு ஆணையமே வாழ்வாதார வேட்டை என்ற பெயரில் தனி அளவு ஒதுக்குகிறது. அமெரிக்காவின் மக்கா இனத்தார் 1855இல் அமெரிக்க அரசோடு செய்த ஒப்பந்தத்தில் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியைக் கொடுத்து, திமிங்கலம் பிடிக்கும் உரிமையை எழுத்தில் நிறுத்திக்கொண்டவர்கள். 1999 மே 17 அன்று, எழுபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு ஒரு சாம்பல் திமிங்கலத்தை அவர்கள் பிடித்தபோது, எதிர்ப்பாளர் சிலரின் வசைகள் அப்பட்டமான இனவெறியாக இருந்தன. 29 லட்சம் திமிங்கலங்களைக் கொன்றது மக்காக்களின் படகுகள் அல்ல. எண்ணெய்க்கும் செயற்கை வெண்ணெய்க்கும் அலைந்த தொழிற்சாலைக் கடற்படைகள். அந்தக் கடனை இவர்களிடம் வசூலிக்க யாருக்கும் உரிமை இல்லை. விலங்கு படும் வேதனை யார் எறிந்தாலும் ஒன்றுதான் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கண்டிக்க வேண்டியவர்களின் வரிசையில் இவர்கள் கடைசியில் நிற்பவர்கள்.

ஆட்டையும் கோழியையும் தின்பவர்கள் திமிங்கலத்துக்காகக் கண்ணீர் விடலாமா?

இது நேர்மையான கேள்வி. திமிங்கலம் அறிவுள்ளது, பாடுகிறது, குட்டியைக் கொஞ்சுகிறது என்ற பதில் போதாது. பன்றிக்கும் அறிவுண்டு, பசுவும் கன்றுக்காகக் கதறும். அறிவை அளந்து உயிருக்கு விலை வைக்கும் வாதம் கடைசியில் எல்லா எளிய உயிர்களுக்கும் எதிராகவே திரும்பும். என் எதிர்ப்பு வேறிடத்தில் தொடங்குகிறது.

இறைச்சிக்கூடத்தில் விலங்கு அசையாமல் நிறுத்தப்படுகிறது. முதலில் நினைவிழக்கச் செய்யவும், தவறினால் உடனே மறுமுறை செய்யவும் வழி இருக்கிறது. எல்லாக் கூடங்களும் அப்படி நடப்பதில்லை என்பது உண்மை. ஆனால் நடத்த முடியும், நடத்தும்படி சட்டம் கேட்க முடியும். கடலில் என்ன நிகழ்கிறது? ஏறி இறங்கும் அலையின்மேல் ஆடும் கப்பலின் முகப்பில் பீரங்கியோடு ஒருவர் நிற்கிறார். ஓடிக்கொண்டிருக்கும் விலங்கு மூச்சு விட மேலே வரும் சில நொடிகளில், முதுகின் ஒரு சிறு பகுதிதான் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. ஈட்டி உடலுக்குள் சென்று அதன் முனையிலுள்ள குண்டு வெடிக்க வேண்டும். சரியான இடத்தில் வெடித்தால் உடனே மரணம். தவறினால், ஈட்டியோடு பிணைந்த கயிற்றை இழுத்துக்கொண்டே விலங்கு மூழ்கும். மீண்டும் மேலே வரும்வரை, அல்லது பீரங்கியில் அடுத்த ஈட்டியைப் பொருத்தும்வரை, செய்வதற்கு ஒன்றுமில்லை.

இது கற்பனைக் காட்சி என்று எண்ண வேண்டாம். ஐஸ்லாந்தின் உணவு, கால்நடை ஆணையம் 2022 பருவத்தில் கொல்லப்பட்ட 148 துடுப்புத் திமிங்கலங்களைப் பற்றி 2023இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 36, ஒன்றுக்கு மேற்பட்ட முறை சுடப்பட்டவை. நேரில் கண்காணிக்கப்பட்டவற்றில் உடனே இறக்காதவை, நடுத்தரக் கணக்கில் பதினொன்றரை நிமிடம் உயிரோடிருந்தன. ஒன்று சாக இரண்டு மணி நேரம் ஆயிற்று. முதுகில் ஈட்டி பாய்ந்த மற்றொன்றை ஐந்து மணி நேரம் துரத்தியும் பிடிக்க முடியவில்லை; அது காயத்தோடு போய்விட்டது. இவை நவீனக் கருவியோடு, பயிற்சி பெற்றவர்கள், அரசு கண்காணிப்பின்கீழ் செய்த வேட்டையின் எண்கள். வேட்டைக்காரரின் கொடுமையோ கவனக்குறைவோ இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய விலங்கை, அவ்வளவு அசையும் இடத்தில், துன்பமின்றிக் கொல்லும் முறை கிடையாது. அம்முறை கிடைக்காதவரை, உணவுக்கு வேறு வழியுள்ள சமூகம் அதைச் செய்யக்கூடாது என்பதே என் நிலைப்பாடு.

அந்த அறிக்கைக்குப் பிறகு ஐஸ்லாந்தில் என்ன நடந்தது?

2023 ஜூனில் அன்றைய அமைச்சர் ஸ்வண்டிஸ் ஸ்வவார்ஸ்டோட்டிர், வேட்டைப் பருவம் தொடங்கும் நேரத்தில் ஆகஸ்டு இறுதிவரை அதை நிறுத்தி வைத்தார். செப்டம்பரில் வேட்டை மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, இரண்டு பெண்கள் ரெய்க்யவிக் துறைமுகத்தில் வேட்டைக் கப்பல்களின் கொடிமரங்களில் ஏறி, ஒரு நாளுக்கும் மேலாக இறங்க மறுத்தார்கள். அமைச்சரின் உத்தரவுக்குத் தெளிவான சட்ட அடிப்படை இல்லை என்று 2024 ஜனவரியில் நாடாளுமன்றக் குறைகேள் அதிகாரி கூறினார். நல்ல நோக்கத்தோடு எடுத்த முடிவும் சட்டத்தின் வழியே வராவிட்டால் எதிர்த்தரப்பின் கையில் ஆயுதமாகிவிடும். 2024 டிசம்பரில் ஐந்து ஆண்டுகளுக்குப் புதிய உரிமம் வழங்கப்பட்டுவிட்டது.

இது மேற்கத்தியர் தம் விருப்பத்தை ஜப்பானியப் பண்பாட்டின்மீது திணிப்பது ஆகாதா?

ஓரளவுக்கு அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்ணெய்க்காக மட்டும் கொன்று உடலைக் கடலில் விட்டவர்களின் பேரர்கள், எலும்புவரை பயன்படுத்தியவர்களுக்கு அறம் போதிப்பதைக் கேட்கும் ஜப்பானியருக்குக் கோபம் வருவது இயல்பு. யமகுச்சி மாவட்டத்தின் கயோய் என்ற பழைய வேட்டைக் கிராமத்தில் 1692இல் எழுப்பிய ஒரு கல்லறை இருக்கிறது. வெட்டப்பட்ட தாய்த் திமிங்கலங்களின் வயிற்றிலிருந்த, பிறக்காத குட்டிகள் அங்கே புதைக்கப்பட்டன. கல்லில் அமிதாப புத்தரின் நாமம். அருகிலுள்ள கோயிலில், மனிதர்க்கு வைப்பதைப் போலவே திமிங்கலங்களுக்கும் இறப்புக்குப் பின்னான பெயர்களைச் சூட்டி எழுதிய பதிவேடு இருக்கிறது. கொல்வதன் பாரத்தை அவ்வளவு ஆழமாக உணர்ந்த மக்களை நாகரிகமற்றவர்கள் என்று பேசுவது அறியாமை.

ஆனால் கயோயின் கரையோர வலையும் தென்கடலின் தாய்க்கப்பலும் ஒரே மரபின் இரண்டு முகங்கள் என்பதை ஏற்க முடியாது. அண்டார்க்டிக் வேட்டைக்கு ஜப்பானியக் கப்பல்கள் போகத் தொடங்கியதே 1930களில்தான். போருக்குப் பிந்தைய பஞ்சத்தில் பள்ளி உணவில்கூட இடம்பெற்ற திமிங்கல இறைச்சியை இன்று ஜப்பானியரில் பெரும்பாலோர் வாங்குவதில்லை.

கடலில் போராடியவர்கள் செய்தது சட்டத்துக்கு உட்பட்டதா?

போராட்டம் என்ற ஒரே சொல்லுக்குள் மிகவும் வேறுபட்ட செயல்கள் இருக்கின்றன. 1975 ஜூனில் கலிஃபோர்னியாவுக்கு அப்பால் கிரீன்பீஸ் அமைப்பினர் சோவியத் வேட்டைக் கப்பலுக்கும் விந்துத் திமிங்கலங்களுக்கும் இடையே சிறு ரப்பர் படகில் போய் நின்றார்கள்; ஈட்டி அவர்கள் தலைக்கு மேலே பறந்து திமிங்கலத்தைத் தைத்தது. தங்கள் உடலைத் தவிர எதையும் அவர்கள் பணயம் வைக்கவில்லை. கிரீன்பீஸிலிருந்து பிரிந்து பால் வாட்சன் 1977இல் தொடங்கிய சீ ஷெப்பர்ட் அமைப்பு வேறு பாதையில் போனது. 1979இல் போர்ச்சுகலுக்கு அருகே சியரா என்ற வேட்டைக் கப்பலை மோதியது. 1986இல் அதன் ஆட்கள் ரெய்க்யவிக்கில் ஆளில்லாத இரண்டு வேட்டைக் கப்பல்களை மூழ்கடித்தார்கள். தென்கடலில் கெட்ட வெண்ணெய் நாற்றமடிக்கும் அமிலப் புட்டிகளை எறிவதும், கப்பலை உந்தும் சுழலியில் சிக்கக் கயிறு வீசுவதும், தாய்க்கப்பலின் சரிவை அடைத்து நிற்பதும் அதன் முறைகள். எதிர்த்தரப்பு நீர்ப்பீரங்கியையும் செவியைத் துளைக்கும் ஒலிக்கருவியையும் பயன்படுத்தியது. 2010 ஜனவரி 6 அன்று ஷோனன் மரு 2 என்ற ஜப்பானியக் கப்பல் மோதி, ஏடி கில் என்ற எதிர்ப்புப் படகின் முகப்பு நொறுங்கியது.

திறந்த கடலில் ஒரு கப்பல்மீது அதன் கொடி நாட்டுக்கே அதிகாரம். வேட்டை சட்டவிரோதமானது என்று வைத்துக்கொண்டாலும், அதைத் தடுக்கும் காவல் அதிகாரம் தனியார் அமைப்புக்கு வந்துவிடாது. ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2008இல் தன் சரணாலயப் பகுதியில் வேட்டையைத் தடை செய்து, 2015இல் ஜப்பானிய நிறுவனத்துக்குப் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது உண்மைதான். ஆனால் அந்தக் கடற்பகுதிமீது ஆஸ்திரேலியா கோரும் உரிமையை ஜப்பான் ஏற்பதில்லை. ஆகவே "நாங்கள் சட்டத்தை அமல்படுத்துகிறோம்" என்ற சீ ஷெப்பர்டின் வாதம் சட்டமாக நிற்காது. மனசாட்சியின் குரலாக மட்டுமே நிற்கும்.

அவர்களைக் கடற்கொள்ளையர் என்று அழைக்கலாமா?

ஜப்பானிய வேட்டைத் தரப்பு சீ ஷெப்பர்ட்மீது தொடுத்த வழக்கில், 2013இல் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படித்தான் அழைத்தது. கடற்கொள்ளை என்பது தனிப்பட்ட நோக்கத்துக்காகத் திறந்த கடலில் இன்னொரு கப்பல்மீது செய்யும் வன்முறை என்கிறது கடல் சட்டம். பணத்தாசை மட்டுமே தனிப்பட்ட நோக்கம் ஆகாது, அரசின் சார்பில் செய்யப்படாத எதுவும் தனிப்பட்டதே, நோக்கம் எவ்வளவு உயர்ந்ததானாலும் சரி என்பது அந்நீதிமன்றத்தின் விளக்கம். 1986இல் பெல்ஜியத்தின் உச்ச நீதிமன்றமும் கிரீன்பீஸ் தொடர்பான வழக்கில் இதே திசையில் சென்றிருந்தது. சட்ட அறிஞர்கள் பலர் இதை ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. சரக்கையும் மாலுமிகளையும் விலைபேசும் கொள்ளைக்கு எதிராக, எந்த நாடும் பிடித்துத் தண்டிக்கலாம் என்று உருவான கடுமையான சட்டத்தை அரசியல் எதிர்ப்பின்மீது ஏவுவது ஆபத்தான முன்னுதாரணம். புட்டி எறிந்ததைத் தாக்குதல் என்றும், சுழலியைச் சேதப்படுத்த முயன்றதைச் சொத்துச் சேதம் என்றும் வழக்குத் தொடுக்கச் சாதாரணச் சட்டங்களே போதும். அந்த வழக்கின் தடையுத்தரவை மீறியதற்காகச் சீ ஷெப்பர்ட் தரப்பு 2015இல் 25.5 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது.

உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் எதிர்ப்பை அறம் என்று சொல்ல முடியுமா?

முடியாது. மீட்புக்கு வர நாட்கணக்காகும் பனிக்கடலில் ஒரு கப்பலின் சுழலியை முடக்குவது, திமிங்கலத்தை மட்டும் காக்கும் செயல் ஆகாது; அக்கப்பலில் இருக்கும் சமையல்காரரின் உயிரையும் பணயம் வைக்கும் செயல். 2007 பிப்ரவரியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சீ ஷெப்பர்டின் ரப்பர் படகில் போன இருவர் மூடுபனியில் தொலைந்துபோனார்கள். அபாய அழைப்பு ஒலித்ததும், அதுவரை யாரிடமிருந்து தப்பி ஓடிக்கொண்டிருந்ததோ அவர்களோடு சேர்ந்து நிஷின் மருவும் தேடியது. பல மணி நேரம் கழித்து இருவரும் உயிரோடு கிடைத்தார்கள். அதன்பின் மோதல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சில நாட்களில் நிஷின் மருவில், எதிர்ப்புக்குத் தொடர்பில்லாத தீவிபத்து நேர்ந்து, ஒரு மாலுமி இறந்தார். கப்பல் செயலிழந்து மிதந்தது. அதை எதிர்க்க வந்துகொண்டிருந்த கிரீன்பீஸ் கப்பல், இழுத்துச் செல்ல உதவுகிறோம் என்று முன்வந்தது. ஜப்பானியத் தரப்பு ஏற்கவில்லை, ஆனாலும் முன்வந்தார்கள். அந்த மரியாதை எதிர்ப்பின் வலிமையைக் குறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சான்று திரட்டச் சட்டத்தை மீறலாமா?

2008இல் ஜப்பானில் இரு கிரீன்பீஸ் உறுப்பினர்கள், ஆய்வுக் கப்பலின் இறைச்சியை மாலுமிகள் தம் வீடுகளுக்குக் கடத்துவதாகக் கிடைத்த தகவலின்பேரில், சரக்குக் கிடங்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார்கள். உள்ளே இருபது கிலோவுக்கும் மேற்பட்ட திமிங்கல இறைச்சி. அதை அவர்களே அரசு வழக்கறிஞரிடம் ஒப்படைத்துப் புகார் கொடுத்தார்கள். கடத்தல் புகார் கைவிடப்பட்டது. திருட்டு, அத்துமீறல் குற்றங்களுக்காக அவர்களுக்கு 2010இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை, நிறுத்திவைப்போடு விதிக்கப்பட்டது. அவர்கள் எடுத்ததை ஒளிக்கவில்லை, தங்கள் பெயரை மறைக்கவில்லை, வழக்கிலிருந்து ஓடவில்லை, யாரையும் காயப்படுத்தவில்லை. சட்டத்தை மீறியே தீரவேண்டும் என்ற நிலை வந்தால், மீற வேண்டிய முறை இதுவென்றே கருதுகிறேன்.

பால் வாட்சன் வழக்கு எப்படி முடிந்தது?

2010 மோதல்களில் உடந்தையாக இருந்தார் என்று ஜப்பான் தேடிவந்த அவர், 2024 ஜூலை 21 அன்று, டென்மார்க்கின் ஆளுகைக்குட்பட்ட கிரீன்லாந்தின் நூக் துறைமுகத்தில் கைதானார். ஏறக்குறைய ஐந்து மாதச் சிறைவாசத்துக்குப் பிறகு, குற்றச்சாட்டு பதினான்கு ஆண்டுகள் பழமையானது என்பதையும் அவர் ஏற்கெனவே சிறையில் இருந்த காலத்தையும் கருத்தில்கொண்டு, அவரை ஜப்பானிடம் ஒப்படைக்க டென்மார்க் மறுத்து 2024 டிசம்பர் 17 அன்று விடுவித்தது. 2025இல் இன்டர்போல், அவரைத் தேடப்படுபவராக நாடுகளின் காவல்துறைகளுக்கு அறிவித்த சிவப்பு அறிவிப்பை நீக்கியது. இது அவர் செய்தவையெல்லாம் சரி என்ற தீர்ப்பு ஆகாது. அவ்வளவு காலம் கழித்து ஒருவரை அந்தக் குற்றத்துக்காகக் கண்டம் தாண்டி அனுப்புவது பொருத்தமற்றது என்ற முடிவு.

ஃபாரோ தீவுகளின் வேட்டைக்கும் இந்தத் தடை பொருந்துமா?

பொருந்தாது. ஆணையம் ஒழுங்குபடுத்துவது பெருந்திமிங்கலங்களைத்தான். வட அட்லாண்டிக்கிலுள்ள இத்தீவுகளில் வேட்டையாடப்படும் ஓங்கில்களும் (டால்பின்களும்) பைலட் திமிங்கலங்களும் அதன் வரம்புக்கு வெளியே என்பதே பல நாடுகளின் நிலை. 2021 செப்டம்பர் 12 அன்று அங்கே ஒரே நாளில் 1,400க்கும் மேற்பட்ட ஓங்கில்கள் கரைக்கு ஓட்டிக் கொல்லப்பட்டபோது, மரபு வேட்டையை ஆதரிக்கும் உள்ளூர் மக்களே அதிர்ந்தார்கள்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இதில் என்ன தொடர்பு?

செஷல்ஸ் நாட்டின் முன்மொழிவின்பேரில் 1979இல் இந்தியப் பெருங்கடல் ஏறக்குறைய முழுவதும் வணிக வேட்டைக்கு மூடப்பட்ட சரணாலயமாயிற்று. திருகோணமலைக்கும் மிரிஸ்ஸவுக்கும் அப்பால் இன்று நீலத் திமிங்கலங்கள் மூச்சு விடுவதைப் படகிலிருந்து பார்க்க முடிகிறதென்றால், அந்த முடிவுக்கும் அதில் பங்குண்டு. அங்கே இப்போதைய ஆபத்து ஈட்டி அல்ல, சரக்குக் கப்பலின் மோதல். இலங்கையின் தென்முனையையொட்டிய கப்பல் பாதையைச் சற்றுத் தெற்கே நகர்த்தினால் மோதல் வெகுவாகக் குறையும் என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். உலகின் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்று 2022இல் தானாகவே அப்படி விலகிச் செல்லத் தொடங்கியது. அதிகாரபூர்வப் பாதை இன்னும் நகர்த்தப்பட வேண்டும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திமிங்கலங்களுக்கு முதல் அட்டவணைப் பாதுகாப்பை, அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பைத் தருகிறது. தமிழகக் கரைகளில் அடிக்கடி பிடிபடும் அம்பர், அதாவது நாளிதழ்கள் "திமிங்கல வாந்தி" என்று எழுதும் பொருள், விந்துத் திமிங்கலத்தின் குடலில் உருவாவது. அது கரையில் தானாக ஒதுங்கியிருந்தாலும் எடுத்து வைத்திருப்பதும் விற்பதும் இங்கே குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை உண்டு. கடலில் மிதந்து வந்ததை எடுத்த மீனவருக்கும், கோடிகளைப் பேசி அவரை இழுத்துவிடும் தரகருக்கும் சட்டம் ஒரே பிரிவைத்தான் வைத்திருக்கிறது. கண்டால் தொடாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிடுவதே மீனவருக்குப் பாதுகாப்பு.